கக்குகிற குழந்தைக்கு அமில மருந்து: எதைப் பார்த்து முடிவு செய்வது?

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பெண் குழந்தை, பத்து வாரம். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 4.8 கிலோ. தாய்ப்பால்தான், ராத்திரி ஒரு தடவை மட்டும் புட்டியில் 120 மில்லி பவுடர் பால். குடித்த கொஞ்ச நேரத்தில் கக்குகிறது. சாயங்காலமானால் முதுகை வளைத்துக்கொண்டு அழுகிறது. காட்டிய இடத்தில் அமிலத்தைக் குறைக்கிற லான்சோபிரசோல் மாத்திரையும் வாந்திக்கான டோம்பெரிடோன் சிரப்பும் ஒரு மாதத்துக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். எங்கோ படித்த கணவர், "எலும்பு பலவீனமாயிரும், வேண்டாம்" என்கிறார். மாமியார், "கக்கின பிள்ளை தக்கும், விடு" என்கிறார். மருந்து இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. கொடுப்பது ஆபத்தா, கொடுக்காமல் விடுவது ஆபத்தா என்பது அவருடைய கேள்வி.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் குழந்தை மருத்துவர். இதே கேள்வியோடு வருகிற குடும்பங்கள் நிறைய. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய விவரம் முழுவதும் சரியென்றால், இந்த இரண்டு மருந்தாலும் உங்கள் குழந்தைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பலன் இல்லாதபோது சின்ன ஆபத்தைக்கூட ஏன் ஏற்க வேண்டும்? அதே சமயம், இதே லான்சோபிரசோல் கட்டாயம் தேவைப்படுகிற குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்துபோய் நிறுத்துவதுதான் ஆபத்து. அதனால் மருந்து நல்லதா கெட்டதா என்று தேடுவதற்கு முன்னால், குழந்தைக்கு இருப்பது நோயா, வெறும் கக்கலா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு அது அடிக்கடி தானாகத் தளர்ந்து திறக்கும். குடிப்பதெல்லாம் திரவம், இருப்பதெல்லாம் படுத்த நிலை, வயிறு சின்னது. அதனால் பால் மேலே வருகிறது. முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தினமும் ஒரு தடவையாவது கக்குகின்றன. நாலாவது மாத வாக்கில் இது உச்சத்துக்குப் போகும். உட்கார ஆரம்பித்து, கெட்டியான சாப்பாட்டுக்கு மாறியதும் குறைந்து, ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நின்றுவிடும். ஆக உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிள்ளை "தக்குகிறதா" என்பதை நாம் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லக் கூடாது, தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அறைக்குள் வரும்போதே, "குடிக்கறதையெல்லாம் கக்கிப்போடுதுங்க டாக்டர், வயித்துல ஒண்ணும் நிக்கறதில்ல" என்று பதறுகிறவர்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவதுண்டு. ஊசியில்லாத சிரிஞ்சில் பத்து மில்லி தண்ணீர் எடுத்து, அவர்கள் கொண்டுவந்த துண்டின் மேலேயே ஊற்றுவேன். ஈரம் மெதுவாகப் பரவி உள்ளங்கையைவிடப் பெரிதாக நிற்கும். "இத்தனூண்டு தண்ணியா இது? நாங்க குடிச்சதெல்லாம் வந்துபோச்சுன்னு நெனச்சுப்போட்டமுங்க" என்பார்கள். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். கக்கிய துணியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பயத்துக்கு எடைதான் மருந்து. முதல் மூன்று மாதத்தில் குழந்தை ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். உங்கள் குழந்தை 70 நாளில் 1.9 கிலோ ஏறியிருக்கிறது. கணக்குப் போட்டால் நாளைக்கு 27 கிராம். பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும், அதையும் சேர்த்தே இந்தக் கணக்கு. சாப்பாடு வயிற்றில் நிற்காத குழந்தை இப்படி வளராது. தாய் சேய் நல அட்டையில் எடைக் கோடு ஒன்று இருக்கிறது. நர்சம்மா புள்ளி வைத்துத் தருவார். அந்தக் கோடு தன் வழியில் மேலே போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், வாங்கிய மருந்துச் சீட்டைவிட அந்த அட்டைதான் இந்த விஷயத்தில் முக்கியமான காகிதம்.

இனி லான்சோபிரசோல். ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் இதே குடும்பம்தான். இந்த மருந்து பால் மேலே வருவதை நிறுத்தாது. இதைப் பெரும்பாலான பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. இரைப்பை அமிலம் சுரப்பதைத்தான் அது குறைக்கும். கக்கல் அதே அளவு வரும், புளிப்பு மட்டும் குறையும். அதிலும் பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அந்தப் பாலே அமிலத்தை மட்டுப்படுத்திவிடுகிறது. இரண்டு மணிக்கொரு தடவை குடிக்கிற குழந்தை கக்குவதில் பெரும்பகுதி எரிச்சல் தராத பால்தான்.

சரி, அழுகையாவது குறையுமா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பால் குடித்தபின் அழுது நெளிகிற 162 குழந்தைகளை இரண்டு சம பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சோபிரசோலும் மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் கலவையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 54 விழுக்காட்டுக் குழந்தைகள் தேறியிருந்தன. துளி வித்தியாசம் இல்லை. ஆனால் மோசமான பக்க விளைவு, குறிப்பாக நெஞ்சுச் சளித் தொற்று, மருந்து குடித்த பக்கம் 10 குழந்தைகளுக்கு. மற்றப் பக்கம் 2 பேருக்கு.

இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் தேறின என்பதையும் கவனியுங்கள். பக்கத்து வீட்டில் "அந்த மருந்து குடுத்தோம், நாலு வாரத்துல சரியாப்போச்சு" என்று சொல்வது பொய் இல்லை. மருந்து கொடுக்காமல் இருந்தாலும் அந்தக் குழந்தை அநேகமாகச் சரியாகியிருக்கும். இந்த வயதில் அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாகத் தணிகிறது. எந்த மருந்து கொடுத்தாலும் பெயர் அந்த மருந்துக்குப் போகும்.

தொற்று ஏன் கூடுகிறது என்று கேட்பீர்கள். இரைப்பை அமிலம் செரிமானத்துக்கு மட்டும் இல்லை. வாய் வழியாகப் போகிற கிருமியைக் கொல்வதும் அதுதான். அதை அடக்கினால் வயிற்றுப்போக்கு, நுரையீரல் தொற்று இரண்டுக்கும் வாசல் கொஞ்சம் அகலமாகத் திறக்கிறது. போர்த் தண்ணீரைக் காய்ச்சிப் பவுடர் கரைக்கிற வீடுகளில், புட்டியை ஒரே ஒரு நாள் சரியாகக் கொதிக்க வைக்காமல் விட்டாலும் குழந்தையைக் காப்பாற்றுவது அந்த அமிலம்தான். அதை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் கணவர் சொன்ன எலும்பு விஷயமும் கற்பனை இல்லை. அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. ஒரு வயதுக்குள் லான்சோபிரசோல் வகை மருந்து குடித்தவர்களுக்குப் பிற்பாடு எலும்பு முறிவு 23 விழுக்காடு அதிகமாக இருந்தது. நீண்ட நாள் குடித்தவர்களுக்கு இன்னும் கூடுதல். பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்க்கிற ஆய்வு என்பதால், மருந்துதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நாலு வாரம் குடித்த குழந்தைக்கு எலும்பு நொறுங்கிவிடும் என்றும் யாரும் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்ட அம்மாக்கள் இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. "கெடுதல் ஒண்ணும் இல்ல, சும்மா குடுங்க" என்று மாதக்கணக்கில் நீட்டுவதுதான் தப்பு.

டோம்பெரிடோன் விஷயத்தில் நான் இன்னும் கறாராக இருக்கிறேன். நம் ஊரில் வாந்தி என்றாலே எழுதுகிற மருந்து இது. கடையில் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. இது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடியது என்பதால் 2014-ல் ஐரோப்பாவில் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு, சின்னக் குழந்தைகளின் வாந்திக்கு இது வெறும் கலவையைவிட மேலானதில்லை என்று ஆய்வில் தெரிந்து, 2019 டிசம்பரில் பிரிட்டன் 12 வயதுக்குக் கீழே இதைப் பயன்படுத்துவதையே விலக்கிக்கொண்டது. அமெரிக்காவில் இதற்கு அனுமதியே கிடையாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக், வாயில் வெள்ளையாகப் படரும் பூஞ்சைக்குத் தருகிற ஃபுளுகோனசோல் ஆகியவற்றோடு சேர்ந்தால் இதயப் பிரச்சினை கூடும். மூளைக்குள் மருந்து போகாமல் தடுக்கிற அரண் கைக்குழந்தைக்கு முழுதாக உருவாகியிருக்காது என்பதால், கழுத்து, கண் இழுத்துக்கொள்கிற மாதிரி அசைவுகளும் அபூர்வமாக வரலாம். இதே காரணத்தால்தான் மெட்டோகுளோபிரமைடு என்ற இன்னொரு வாந்தி மருந்து ஒரு வயதுக்குள் கூடவே கூடாது என்று 2013-ல் ஐரோப்பா விலக்கியது. கக்கலுக்காக மட்டும் என்றால் டோம்பெரிடோன் பாட்டிலை நீங்கள் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூத்த பிள்ளைக்கு வாங்கி வைத்த ரானிடிடின் என்ற பழைய அமில மருந்துப் பாட்டில் அலமாரியில் இருந்தால் அதை எடுத்துக் கொடுக்காதீர்கள். என்டிஎம்ஏ என்ற புற்றுநோய்க் காரணிப் பொருள் அதில் உருவாவதால் 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022-ல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. கடையில் இன்னும் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து வேண்டாம் என்றால் அழுகையை என்ன செய்வது? முதலில் அந்த ராத்திரிப் புட்டி. பவுடர் பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 150 மில்லி என்பது பொதுக் கணக்கு. 4.8 கிலோவுக்கு 720 மில்லி. எட்டு வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு 90. நீங்கள் ஒரே மூச்சில் 120 ஊற்றுகிறீர்கள். "நல்லாக் குடிச்சாத்தான் விடியற வரைக்கும் தூங்கும்" என்று நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் கொள்ளாத வயிறு திருப்பித்தான் தரும். தாய்ப்பால் போதுகிறது என்பதை எடையே சொல்லிவிட்டது. முடிந்தால் புட்டியை நிறுத்திவிட்டு மார்பிலேயே கொடுங்கள். முடியாதென்றால் அளவைக் குறைத்து, நடுவில் நிறுத்தி, ஏப்பம் விட வைத்துக் கொடுங்கள். டப்பாவில் போட்டதைவிட ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கெட்டியாகக் கரைப்பதும் வேண்டாம்.

குடித்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். அப்பத்தாவுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. குடித்த கையோடு சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டாதீர்கள். தொட்டிலில் குழந்தை வளைந்து கிடக்கும்போது வயிறு அமுங்கும், தாடை நெஞ்சில் முட்டும். தூங்க வைக்கும்போது சமமான இடத்தில் மல்லாக்கத்தான் போட வேண்டும். கக்கினால் மூச்சுக்குழாயில் போய்விடுமே என்று குப்புறப் போடுகிறார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. மேலேறி வந்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக எதிர்த்து ஏற வேண்டும். குப்புறப் போட்டால் தூக்கத்திலேயே உயிர் போகிற ஆபத்து உண்டு. தலைக்கு அண்டக் கொடுத்துச் சாய்வாகப் படுக்க வைப்பதும் தூங்கும் குழந்தைக்கு வேண்டாம்.

அடுத்தது பசும்பால் புரத ஒவ்வாமை. கக்கலும் அழுகையும் இதற்கும் பொதுவானவை. மலத்தில் சளியோ ரத்தக் கோடோ தெரிந்தாலும், தோலில் சொரசொரப்பான படை இருந்தாலும் இதை நினைக்க வேண்டும். வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, அமில மருந்துக்கு முன்னால் இரண்டு முதல் நாலு வாரம் பால் புரதத்தை விலக்கிப் பார்க்கச் சொல்கிறது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் விலக்க வேண்டியது அம்மா. பால், தயிர், மோர், டீ, பால்கோவா, பிஸ்கட் எல்லாம் போக வேண்டும். பால் ஊற வேண்டும் என்று தினமும் கொடுக்கிற பூண்டுப் பாலும் இதில் சேர்த்தி. அந்த நாட்களில் சுண்ணாம்புச் சத்துக்கு ராகிக் களியும் எள்ளும் கீரையும் சாப்பிடுங்கள். புட்டிப் பால் குடிக்கிற குழந்தைக்குப் புரதத்தை உடைத்துச் செய்த தனிப் பவுடர் இருக்கிறது, மருத்துவர்தான் எழுத வேண்டும். அம்மாயி வீட்டிலிருந்து, "வெள்ளாட்டுப் பால் லேசு, அதைக் குடு" என்று வரும். ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப் பாலின் புரதமும் பசும்பால் புரதத்தை ஒத்தவை, ஒவ்வாமை அப்படியே தொடரும். தவிர ஒரு வயதுக்குள் அவை உணவாகவும் ஆகாது.

தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது, உரை மருந்து இழைத்து ஊற்றுவது எல்லாம் கக்குகிற குழந்தைக்குச் செய்யப்படுகின்றன. பெரியவர்கள் அக்கறையால் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வாயில் எதுவும் போகக் கூடாது, கிரைப் வாட்டரும் ராகிப்பாலும் உட்பட. எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டுமாவது தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிறது. பால் புரையேறித்தான் சளி கட்டிவிட்டது என்று அதற்கும் கக்கல் மருந்தே எழுதப்படுவது உண்டு.

எப்போது இந்தப் பொறுமையெல்லாம் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். வாந்தி பச்சையாக வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சை சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, குழந்தை அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு, நம் பக்கம் என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, போய்விடுங்கள். மூன்றிலிருந்து ஆறு வாரக் குழந்தை, அதிலும் தலைச்சன் ஆண் குழந்தை, குடித்தது எல்லாவற்றையும் பீய்ச்சி அடித்துவிட்டு உடனே பசித்து அழுதால் இரைப்பையின் வாய் தடித்து அடைத்திருக்கலாம். ஸ்கேனில் தெரியும், சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும். ரத்தம், வயிறு உப்புசம், காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பது, துவண்டு கிடப்பது, ஒன்றுக்குப் போவது ஆறு தடவைக்கும் கீழே குறைவது, ஆறு மாதத்துக்கு மேல் புதிதாக வாந்தி தொடங்குவது, எடை ஏறாமல் நிற்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெறும் கக்கல் இல்லை.

லான்சோபிரசோல் தேவைப்படுகிற குழந்தைகள் யார்? உணவுக்குழாய் புண்ணாகியிருப்பது எண்டோஸ்கோப்பியில் தெரிந்தவர்கள், பிறவியிலேயே உணவுக்குழாய் அடைத்திருந்து அறுவை சிகிச்சை செய்தவர்கள், மூளை வாதம் உள்ள சில குழந்தைகள், பால் புரதத்தை விலக்கியும் எடை ஏறாமல் பாலைக் கண்டாலே முகம் திருப்புகிறவர்கள். இவர்களுக்கு அமிலத்தை அடக்காவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகி, நாளடைவில் சுருங்கியே போகலாம். அங்கே நான் தயங்காமல் எழுதுகிறேன், பெற்றோரும் பயப்படாமல் கொடுக்க வேண்டும். அப்போதும் நாலு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்த்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். பால் கொடுப்பதற்கு அரை மணி முன்னால், கொஞ்சம் தண்ணீரில் கரையவிட்டு, சிரிஞ்சால் அளந்து கொடுக்க வேண்டும். மாத்திரைக்குள் இருக்கும் சின்னக் குருணைகளை நசுக்கினால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும். பாலிலும் கலக்கக் கூடாது. எந்த மருந்தானாலும் வீட்டுக் கரண்டியை நம்பாதீர்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் இருந்தாலும் சொட்டில் அடர்த்தி பல மடங்கு அதிகம். பெயரை மட்டும் சொல்லிக் கடையில் மாற்றி வாங்கினால் அளவு தப்பிவிடும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எழுதித் தந்த மருத்துவர் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர். நான் பார்க்கவில்லை. என் பேச்சைக் கேட்டு மருந்தைக் குப்பையில் போடாமல், பிரிக்காத பெட்டியோடும் எடை அட்டையோடும் அவரிடமே போங்கள். "எந்த அறிகுறியைப் பார்த்து எழுதுனீங்க? குடுத்தா எத்தனை நாள்ல என்ன மாறணும்? மாறலைன்னா எப்ப நிறுத்தறது? ரெண்டு வாரம் குடுக்காம பாக்கலாமுங்களா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கேட்கிற அம்மாவை எந்த நல்ல மருத்துவருக்கும் பிடிக்கும். நீங்கள் சொல்லாத ஏதாவது ஒன்றை அவர் கண்டிருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும்.

அந்த இரண்டு வாரத்தில் புட்டி அளவைக் குறைத்து, நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். பிறகு அதே தராசில், துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன்னால் எடை போடுங்கள். 300 கிராம் வாக்கில் ஏறியிருந்தால் கக்கட்டும், துண்டை மாற்றிக்கொண்டே இருங்கள். 200-க்கும் கீழே என்றால் அந்த வாரமே குழந்தையைக் காட்டுங்கள். நான் இங்கே சொன்ன பதில் அப்போது பொருந்தாது.